ஒரே ஒரு டக்

அருப்புக்கோட்டையில் இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிளை டியூன் பண்ணத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று சொன்னால், பீற்றிக்கொள்கிறான் என்று நினைக்காதீர்கள். அந்த வண்டியே எங்கள் வட்டாரத்தில் ஒன்றுதான் இருந்தது. அதைத் தொட்டவனும் நான் ஒருவன்தான். தொட்ட ஒன்றைச் சரியாகத் தொட்டேன் என்பதுதான் என் பெருமை. அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எண்பதுகளின் பின்பாதி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தகரக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். சந்தின் இரண்டு பக்கமும் விசைத்தறிக்கூடம். காலையில் தறி ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவனிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். பஞ்சர், செயின், பிரேக் என்றால் அந்தச் சத்தத்திலேயே வேலை நடக்கும். காது கொடுத்துச் செய்கிற வேலை என்றால் கரண்ட் போக வேண்டும். தறிக்காரர்கள் கரண்ட் போனால் மின்சார ஆபீஸைத் திட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார்கள். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைப்பேன். கரண்ட் எப்போது போகும் என்று ஆசையோடு காத்திருந்த ஆள் அந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான்.

வண்டிக்குச் சொந்தக்காரர் திருச்சுழியில் கொத்தமல்லியும் மிளகாய் வத்தலும் வாங்கி விற்கிற வியாபாரி. அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பரளச்சிப் பக்கம் ஒரு களம், மல்லாங்கிணறு பக்கம் ஒரு களம் என்று அலைந்து சரக்குப் பார்ப்பார். அந்த அலைச்சலுக்கு ஒரு மொபெட் போதும். ஆனால் மதுரையில் யாரோ ஒருவர் இந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணியதைக் கேட்டுவிட்டார். சத்தத்தில் மயங்கி, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். என்னிடம் அதைச் சொல்லும்போதுகூட, திருட்டு மாங்காய் தின்றவர் மாதிரி சிரித்தார்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிலிண்டர் இரண்டு என்பதால் கார்புரேட்டரும் இரண்டு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குள் விடுவது அதன் வேலை. உள்ளே ஸ்லைடு என்று ஒரு குட்டி உருளை இருக்கும். கண்மாய் மதகுப் பலகை மாதிரி ஏறி வழி விடும், இறங்கி அடைக்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இரண்டு பலகையும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஏற வேண்டும். விட்டால் ஒன்றாக இறங்க வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் ஒரு சிலிண்டர் இழுக்கும், மற்றது சும்மா கூட வரும். வண்டி நடுங்கும், திக்கும், பெட்ரோலைக் குடிக்கும். இதில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. மதுரையில் முன்னே வைத்திருந்தவர் அசல் கேபிளைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டர் பிடியிலிருந்தே கார்புரேட்டருக்கு ஒன்றாக இரண்டு தனிக் கேபிள் இழுத்திருந்தார்.

அதற்கென்று மீட்டர், கண்ணாடிக் குழாய் எல்லாம் பெரிய ஊரில் இருந்திருக்கலாம். எனக்கு இருந்தது இரண்டு கை, இரண்டு காது. காற்றுக் குழாய்களைக் கழற்றிவிட்டு, இடது கைக் கட்டைவிரலை ஒரு கார்புரேட்டர் வாயிலும் நடுவிரலை இன்னொன்றின் வாயிலும் விடுவேன். வலது கையால் மெல்ல ஆக்ஸிலேட்டரை முறுக்குவேன். இரண்டு ஸ்லைடும் இரண்டு விரலை விட்டு ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். அப்புறம் முறுக்கிய பிடியைச் சட்டென்று விடுவேன். இரண்டும் விழுகிற சத்தம் ஒரே ஒரு 'டக்' என்று கேட்க வேண்டும். 'ட-டக்' என்று கேட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். தலைமயிர் அளவு வித்தியாசத்தைக்கூட அந்த 'ட' காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் ஸ்டார்ட் பண்ணி, ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்ப்பேன். இரண்டு சைலன்ஸருக்குப் பின்னாலும் உள்ளங்கையை வைத்துப் புகை ஒரே மாதிரி தட்டுகிறதா என்று பார்ப்பேன். இத்தனையும் பார்க்காமல் அந்த வண்டியை நான் ஒருநாளும் வெளியே விட்டதில்லை.

முதல் தடவை வந்தபோது வண்டி நிஜமாகவே நாசமாகத்தான் இருந்தது. கரண்ட் போனது, உட்கார்ந்தேன், முடித்தேன். பந்தல்குடி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. திரும்ப வந்து நின்றார்.

"தம்பி, வண்டி பழையபடி திக்குது. அதுகூடப் பரவாயில்ல. எங்க தெருவுல திரும்பையில தானாத் துள்ளுது. நான் முறுக்கவே இல்ல, அது பாட்டுக்கு உறுமிக்கிட்டுப் பாயுது."

"எங்கன திரும்பையில?"

"கெணத்து மொனையில."

அந்த முனை எனக்குத் தெரியும். தெருவுக்குள் இடது பக்கம் திரும்புகிற இடத்தில் பழைய கிணறு ஒன்று. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. மழை பொய்த்துப் பொய்த்து, தண்ணீரைத் தேடி ஆழமாகத் தோண்டிக்கொண்டே போன கிணறு. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அந்த இடத்தில் வண்டி தானாகப் பாய்ந்தால் சுவரைத் தாண்டி நேரே கிணற்றுக்குள்தான்.

கரண்ட் போனதும் பார்த்தேன். ஒரே ஒரு டக். ஸ்டார்ட் பண்ணித் திருப்பிப் பார்த்தேன். துள்ளவும் இல்லை, உறுமவும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் காய்ச்சல் விட்டுவிட்ட பிள்ளை மாதிரி வண்டி சாதுவாக நின்றது. அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு போனார். அடுத்த வாரம் அதே புகாரோடு வந்தார். அப்போதும் வண்டியில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது முறை முழங்கையில் சிராய்ப்போடு வந்தார். கிணற்று முனையில் வண்டி பாய்ந்து, காலை ஊன்றித் தப்பியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தால் மரியாதை பார்க்க மாட்டேன். "அண்ணாச்சி, வண்டி நல்லாருக்கு. ஓட்டுறதுலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டேன்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்கிறியா? உன் கடையில மட்டும் ஓடுற வண்டிய வச்சு நான் என்ன பண்ண?" என்று அவரும் எகிறினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "வீட்டுல வித்துருன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அவ கூடப்பெறந்த அண்ணன் போன வருசம் வண்டியிலதான் அடிபட்டுச் செத்தான். நான் வீடு திரும்புற வரைக்கும் அவ பச்சத்தண்ணி குடிக்கிறதில்ல. இந்தச் செராய்ப்ப நேத்து பூராம் முழுக்கைச் சட்டையில மறச்சு வச்சேன், அவ இன்னும் பாக்கல."

கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் என் வேலையில் தப்பு இல்லை என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. "நாளைக்கு நானே திருச்சுழிக்கு வாரேன். உங்க வாசல்ல வச்சே பாக்குறேன். அதுக்கப்புறமும் துள்ளுச்சுன்னா வித்துருங்க. நானே ஆள் பாத்துத் தாரேன்" என்றேன்.

மறுநாள் காலை டூல்ஸ் பையோடு பஸ் ஏறினேன். தறிச் சத்தம் இல்லாத தெரு. எனக்கு அது கல்யாண வீட்டுச் சாப்பாடு கிடைத்த மாதிரி. பெட்ரோல் டாங்கியைக் கழற்றாத குறையாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டக். நானே ஏறிக் கிணற்று முனைக்குப் போய், வேண்டுமென்றே மெதுவாக, பிறகு வேகமாக, திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்தேன். பசுமாடு மாதிரி திரும்பியது. அண்ணாச்சியையும் ஓட்டச் சொன்னேன். அவருக்கும் துள்ளவில்லை. நான் சொன்னது சரியாகப் போனதில் எனக்குச் சந்தோஷம். அவருக்கோ தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி" என்றார் அவர் வீட்டம்மா. மதினி என்று நான் கூப்பிட்டேன். சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும். பரிமாறிவிட்டு, "வேலை முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். "முடிஞ்சிருச்சு மதினி, இனிமே ஒண்ணும் ஆகாது" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார்.

கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தோம். அண்ணாச்சி என்னை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் பரளச்சிக்குப் போவதாகப் பேச்சு. அவர் சாவியைப் போடுவதற்கு முன்னால் பழக்க தோஷத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டேன்.

ட-டக்.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. மறுபடியும் விட்டேன். ட-டக். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஸ்டாண்டில் நிற்கிறபடியே ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினேன். இன்ஜின் ஊளையிட்டது.

"இதான்! இதான் தம்பி நான் சொன்னது!" என்று அண்ணாச்சி குதித்தார். வண்டி கெட்டதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட சொந்தக்காரரை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள் கெட்டுப்போகிறது என்றால் அது வண்டியின் வேலை இல்லை, கையின் வேலை. ஹெட்லைட்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். ஹேண்டில்பார் வந்து சேருகிற கழுத்துத் தண்டில், முடிச்சு முடிச்சாகப் போட்ட கறுப்புக் கயிறு. மாட்டுக்குக் கண்ணு படாமல் இருக்கக் கழுத்தில் கட்டுவோமே, அதே கயிறு. சுற்றுக்கு மேல் சுற்றாக இறுக்கிக் கட்டியதில், இரண்டு கேபிளில் ஒன்று கழுத்தோடு கழுத்தாக நெரிபட்டுக் கிடந்தது. மற்றது தப்பித்து வெளியே ஓடியது. ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினால் நெரிபட்ட கேபிள் விறைத்து ஒரு ஸ்லைடை மட்டும் தூக்கிவிடும். ஒரு சிலிண்டர் மட்டும் வெறிபிடித்து இழுக்கும். கிணற்று முனையில் நடந்தது அதுதான்.

பையிலிருந்து கத்தியை எடுத்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து மதினி ஓடி வந்தார்.

"தம்பி, கட்டுன கயித்த அறுக்காதீக!"

பிறகு எல்லாம் வெளியே வந்தது. வண்டி வந்த புதிதில் மதினி அந்தக் கயிற்றை ஹேண்டில்பாரில்தான் கட்டியிருக்கிறார். அண்ணாச்சி, களத்தில் நாலு பேர் சிரிக்கிறார்கள் என்று அவிழ்த்து எறிந்துவிட்டார். அதனால் அவர் கண்ணில் படாத இடமாக, கோயிலில் வைத்து வாங்கிய கயிற்றைக் கழுத்தில் கட்டியிருக்கிறார். மாட்டுக்கும் கழுத்தில்தானே கட்டுகிறோம். ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது, இல்லை நான் வேலைக்கு வருகிறேன் என்று தெரிந்தால், கிரீஸும் மண்ணெண்ணெயும் படக் கூடாது என்று பயபக்தியோடு அவிழ்த்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவார். வண்டி வேலை முடிந்து வந்ததும் மறுபடியும் கட்டுவார். வண்டி துள்ளியது என்று கேள்விப்பட்டால் கண்ணு பலமாக இருக்கிறது என்று இன்னும் ஒரு சுற்றுச் சேர்ப்பார். நான் கண்டுபிடிக்கவே முடியாத கோளாறு இதுதான்.

அண்ணாச்சி வாய் விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே மூன்று தடவை நான் பட்ட அவமானமும் பொங்கிக்கொண்டு வந்தது. "மதினி, அண்ணாச்சியக் கெணத்துக்குள்ள தள்ளப் பாத்தது கண்ணும் இல்ல, பேயும் இல்ல. இந்தக் கயிறுதான்" என்று கொஞ்சம் காட்டமாகவே சொல்லிவிட்டேன்.

மதினி முகம் செத்துவிட்டது. கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். முடிச்சு வரவில்லை. நான் உதவப் போனேன், வேண்டாம் என்று தானே அவிழ்த்தார். அதைக் கையில் சுருட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப நான் என்ன செய்ய? எங்கண்ணன் போகையில நான் ஒண்ணுமே செய்யல தம்பி. வாசல்ல நின்னு கையக் காட்டுனேன், அம்புட்டுத்தான். இவுக போகையிலயும் சும்மா நின்னு கையக் காட்டவா?"

எடுத்த கத்தியைத் திரும்பப் பைக்குள் போட்டேன். அண்ணாச்சியும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"மதினி, இங்கன வாங்க" என்று வண்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டேன். இன்ஜினை ஓட்டாமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டேன். கயிறு போனதும் வண்டி தன்னால் சரியாகியிருந்தது. டக். பிறகு ஒரு கேபிளை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு முறுக்கி விட்டேன். ட-டக்.

"ஒரு சத்தம்னா அண்ணாச்சி போகலாம். ரெண்டு சத்தம்னா போகக் கூடாது. தெனமும் கெளம்புறதுக்கு முன்னால ஒரு தடவ முறுக்கி விடச் சொல்லுங்க. நீங்க கேளுங்க. நீங்க சரின்னாத்தான் வண்டி நகரணும்."

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காதை மூடிய முடியைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கேபிளைப் பிடித்தும் பிடிக்காமலும் மாற்றி மாற்றி முறுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு என்று சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. வட்டாரத்தில் நான் ஒருவன்தான் என்று சொன்னேனே, அந்தப் பெருமையில் பாதி அன்று அந்த வாசலிலேயே போய்விட்டது.

புறப்படும்போது கையிலிருந்த கயிற்றை அண்ணாச்சியிடம் நீட்டி, "இதத் தம்பி கையில கட்டிவிடுங்க" என்றார். நான் விழித்தேன்.

"கண்ணும் இல்ல, பேயும் இல்லன்னு நீங்கதானே சொன்னீக. அப்ப நல்லதும் கெட்டதும் உங்க கையிலதான இருக்கு? கையிலயே கெடக்கட்டும்."

அண்ணாச்சி என் வலது மணிக்கட்டில் கட்டினார். பஸ்ஸில் அருப்புக்கோட்டை வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். எத்தனையோ வண்டியைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். ஒரு வண்டிக்குப் பின்னால் பச்சத்தண்ணி குடிக்காமல் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் உடம்பில் உறைத்தது. எனக்கு அந்தத் தொழிலில் முதன்முதலாகப் பயம் வந்தது. அந்தப் பயம் எனக்கு நல்லதுதான் செய்தது.

வருடங்கள் ஓடின. பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஊறி அந்தக் கயிறு இற்று, எங்கே விழுந்தது என்றே தெரியாமல் விழுந்துவிட்டது. தொண்ணூறுகளில் சந்துக்குள் இன்னும் நாலு ஒர்க்‌ஷாப் வந்துவிட்டது. அண்ணாச்சி மட்டும் அதே வண்டியை வைத்திருந்தார். தினமும் காலையில் மதினி வாசலில் வந்து நிற்பார், அவர் முறுக்கி விடுவார், இவர் தலையை ஆட்டுவார், வண்டி போகும். தெருவில் எல்லோருக்கும் அது வாடிக்கையாகிவிட்டது.

ஒரு நாள் காலையில் தறிக்கூடத்துக்காரர் வீட்டு போனில் எனக்குக் கூப்பிட்டார்கள். போய் எடுத்தால் மதினி.

"தம்பி, ரெண்டு சத்தம் கேக்குது."

பின்னாலிருந்து அண்ணாச்சி கத்துவது கேட்டது. "ஒண்ணுதான்டி! பரளச்சியில ஆளுக காத்துக் கெடக்காக!"

"சாவிய நான் எடுத்து வச்சுக்கிட்டேன்" என்றார் மதினி, என்னிடம்.

அடுத்த பஸ்ஸில் போனேன். அண்ணாச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முறுக்கி விட்டேன். எனக்கே முதலில் ஒன்றாகத்தான் பட்டது. இரண்டாம் தடவை காதைக் கிட்டத்தில் வைத்தபோதுதான் அந்த 'ட' மெல்லக் கேட்டது. பிடியைப் பிரித்தேன். ஒரு கேபிளின் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, பிரிந்த நுனிகள் உறைக்குள் சிக்கி உரசிக்கொண்டிருந்தன. ஒரு தடவை நன்றாகச் சிக்கிவிட்டால் ஸ்லைடு இறங்கவே இறங்காது. பிடியை விட்டாலும் வண்டி பாய்ந்துகொண்டே இருக்கும். கழற்றிய கேபிளை அண்ணாச்சி கையில் கொடுத்தேன். அவர் அந்த இழைகளைப் பார்த்தார், தெருக்கோடிக் கிணற்றைப் பார்த்தார். உள்ளே போய் மதினிக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதை ஒரே மூச்சில் குடித்தார்.

இரண்டு கேபிளையும் புதிதாகப் போட்டேன். விரலை விட்டுப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், முறுக்கி விட்டுவிட்டு மதினி முகத்தைப் பார்த்தேன்.

"ஒண்ணு" என்றார்.

பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் பார்வை என் மணிக்கட்டில் நின்றது. வெறும் கை. நான் கையை மறைக்க நினைப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் புதுக் கறுப்புக் கயிறு.

"கேபிள மாத்திட்டீக. இத மாத்த வேண்டாமா?"

நான் கையை நீட்டினேன்.